ஆயில் பம்பைக் கழற்றுவது குறித்து மாப்பிள்ளை கஸ்பாருக்கு

ஹப்சிகுடா,
ஹைதராபாத்.

மாதா துணை.

திரேஸ்புரத்தில் வள்ளமும் வலையுமாக, மனைவி மக்களோடு கடல் சோறு தின்று வாழ்கிற என் மைத்துனன் கஸ்பாருக்கு, உன் அக்காள் செலினின் புருஷன் ஃபெலிக்ஸ் சொல்லி எழுதுவது. உன் அக்காள் நன்றாக இருக்கிறாள். மூச்சு சீராகிவிட்டது, கால் வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது கட்டிலில் உட்கார்ந்து உப்பில்லாத ரவை உப்புமாவைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். இந்த ஒரு சேதிக்காகத்தான் கடிதம். மற்றதை வலையைக் காயப் போட்டுவிட்டு ஆற அமரப் படித்துக்கொள்.

வருஷம் உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. மிதவையோடு சரிந்த புத்தர் சிலை ஹுசேன் சாகர் சேற்றில் இரண்டு வருஷத்துக்கு மேல் படுத்துக் கிடந்துவிட்டு, எழுந்து நேராக நின்றது ஒரு டிசம்பர் மாதம் செவ்வாய்க்கிழமை. அடுத்த வாரமே இங்கே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் வந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு நீ போன் போட்டாய். அப்போது நாங்கள் திருமுல்கேரியில் குடியிருந்தோம், தெருமுனை எஸ்டிடி பூத்துக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார், நான் ஒரு கன்னத்தில் சவர சோப்போடு ஓடினேன். நீ புதிதாக வாங்கிய மோட்டாரில் ஆயில் தானாகப் போய்க் கலக்கிற மாதிரி ஒரு பம்பு இருக்கிறது, அதை நம்பிக் கடலுக்குப் போகலாமா, இல்லை கழற்றிப் போட்டுவிட்டு முன்போலப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றலாமா என்று கேட்டாய். நான் தெளிவாக மூன்றே வார்த்தை சொன்னேன். கழற்ற வேண்டாம். எதற்குக் கழற்ற வேண்டும். பம்பு இருக்கிற வரைக்கும் ஆயில் கலக்காமலே ஓடும். நீ என்ன செய்தாய்? பம்பைக் கழற்றினாய், ஆயிலும் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு போனாய், கலங்கரை விளக்கைத் தாண்டுவதற்குள் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது, இன்னொருவன் வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் நீ என்னோடு பேசவில்லை. போனை நான் எடுத்தால் "அக்கா இருக்காளா" என்பாய். இல்லை என்றால் வைத்துவிடுவாய். என் மகன் கல்யாணத்தில் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்த பாதிரியாரிடம் சொல்லி என்னிடமிருந்து ரசத்தை வாங்கினாய். சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கு இத்தனை ரோஷமா என்று நானும் விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுத்தில் அனுப்புகிறேன் என்பது கடைசியில் உனக்கே விளங்கும். எனக்குக் கையெழுத்துக்கூட வராது, பெருவிரல்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது கீழ்வீட்டு அலமு அம்மா, தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் "ளு" சொன்னால் "லு" எழுத மாட்டார். இவர் வீட்டுக்காரர் பாலச்சந்திரன் சார்தான் எங்கள் அடுக்குமாடியின் சங்கச் செயலாளர். வில்லங்கமே அவரிடமிருந்துதான் ஆரம்பம், அதையும் அம்மா அப்படியே எழுதிவிட்டார் பார்.

கொரோனா வருஷம் அக்டோபர் மழையில் எங்கள் சந்துக்குள் நாலா, அதாவது இங்கே ஓடுகிற சாக்கடைக் கால்வாய், புரண்டு வந்து நெஞ்சளவு தண்ணீர் நின்றதும், மூன்று நாள் பாலும் மருந்தும் இல்லாமல் கிடந்ததும் உன் அக்காள் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு சங்கத்தில் கூடிப் பேசி, ஒரு ஃபைபர் போட்டும் அதற்கு ஒரு பழைய மோட்டாரும் வாங்கினார்கள். ஊரில் எல்லாச் சங்கமும் ஜெனரேட்டர் வாங்கும், எங்கள் சங்கம் போட் வாங்கியது. அது கார் நிறுத்துகிற இடத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும், மேலே எல்லோரும் துணி காயப் போடுவார்கள். மோட்டார் அதே ஜாதிதான், டூ ஸ்ட்ரோக், ஆயில் பம்பு வைத்தது. நான் ஏரி போட் ஹவுஸில் இருபத்தெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் என்னை டெக்னிகல் கமிட்டி ஆக்கிவிட்டார்கள். கமிட்டியில் நான் ஒருத்தன்தான்.

உடனே சண்டை. பாலச்சந்திரன் சார் மகன் தீபக், கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வான். அவன் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து, "தீஸேயண்டி அங்கிள், ரிஸ்க் எந்துக்கு" என்றான். எடுத்துவிடுங்கள், எதற்கு வம்பு என்று அர்த்தம். பம்புக்குள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், இருபது வருஷப் பழசு, ஒரு பல் உடைந்தாலும் சத்தமில்லாமல் ஆயில் நின்றுவிடும், மோட்டார் செத்த பிறகுதான் தெரியும் என்கிறான். அவன் அப்பா விடவில்லை.

"கம்பெனிக்காரன் முட்டாளாடா? அத்தனை பேர் படிச்சு, யோசிச்சு வெச்சிருக்கான். வெள்ளம் வர்ற அன்னிக்கு நீ கச்சிபௌலியில இருப்பே. இங்க எவனாவது ஆயில் கலக்க மறந்து வெறும் பெட்ரோல ஊத்தினா என்ன ஆகும்?"

"டாடி, க்ரூப்ல மெசேஜ் போடுவேன்."

"ஆமா, தண்ணி கழுத்துக்கு வந்தப்புறம் எல்லாரும் க்ரூப்பைத்தான் பாத்துண்டிருப்பா."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாப்ளே, ஒரு விஷயம் உனக்குத்தான் சொல்கிறேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஆயில் பம்பு வைத்த மோட்டாரைத் தொட்டதே இல்லை. எங்கள் போட் ஹவுஸில் எல்லாமே கையால் கலந்து ஊற்றுகிற மோட்டார்கள், ஒரு லிட்டருக்கு இருபது மில்லி, மூக்கால் மோந்தே சரி பார்த்துவிடுவேன். நீ போன் போட்ட அன்றைக்கும் அந்த மாதிரி மோட்டாரை நான் கண்ணால் கண்டதில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, மச்சினன் அவ்வளவு தூரத்திலிருந்து பூத்துக்குப் போன் போட்டுக் கேட்கிறானே என்று கழற்றாதே என்றேன், அவ்வளவுதான். இங்கேயும் அதே கதை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். (இந்த இடத்தில் அலமு அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார்.)

நான் வாய் திறக்காததால், இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபக் தானே உட்கார்ந்து பம்பைக் கழற்றினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவன் அப்பா தார்னாக்காவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்கைக் கூட்டி வந்து திரும்ப மாட்டினார். அந்த மெக்கானிக் மாட்டினானா, மாட்டினதுபோல மூடியை மட்டும் மூடிவிட்டுப் போனானா, யாருக்கும் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. உன் அக்காளுக்கு செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை சந்து முழுக்கத் தண்ணீர், ஆட்டோ வரவில்லை, ஆம்புலன்ஸ்காரன் மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டான். சனிக்கிழமை காலையில் அவள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியம் பேச மூன்று முறை மூச்சு வாங்கினாள். இதற்கு மேல் ஒரு நாள் தாங்காது என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். கீழே இறங்கிப் பார்த்தால் போட் தார்ப்பாயோடு தானாகவே மிதந்து, மேலே யாரோ காயப் போட்ட நைட்டியோடு, லிஃப்ட் வாசலில் வந்து நிற்கிறது. மோட்டாரை மாட்டினோம். ஆனால் உள்ளே ஆயில் போகுமா, போகாதா? போகவில்லை என்றால் ஐந்து நிமிஷத்தில் பிஸ்டன் பிடிக்கும். வழியில் நாலா ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது, அங்கே நின்றுபோனால் போட் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்து பார்த்தேன். எனக்கு அது பம்பா, பம்பின் மூடியா என்றுகூடத் தெரியவில்லை. தீபக்குக்குப் போன் போட்டால் "நேனு தீஸேஸானு அங்கிள்" என்கிறான், நான் எடுத்துவிட்டேன் என்று. பக்கத்தில் அவன் அப்பா "நான் போட்டுட்டேன்" என்கிறார். மேலே உன் அக்காள் மூச்சு வாங்குகிற சத்தம் படிக்கட்டில் கேட்கிறது.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தவன் நீ ஒருத்தன்தான். ஒரு மோட்டாரை இப்படிப் பறிகொடுத்தவன், அதற்குப் பிறகு முப்பது வருஷம் அதே கடலில் அதே ஜாதி மோட்டாரை ஓட்டுகிறவன். நம்பரை அலமு அம்மா போட்டுக் கொடுத்தார்.

"அக்கா இருக்காளா?" என்றாய்.

"இருக்கணும்னா நீ சொல்லணும் மாப்ளே," என்றேன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். முடித்ததும் கேட்டாய், "எவ்வளவு தூரம்?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும்."

"பம்பு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. அதை நோண்டாதீய. டேங்கிலயும் ஆயிலக் கலந்து ஊத்தும். பம்பும் வேலை செஞ்சா ரெண்டு பங்கு ஆயில் போவும், புகையும். புகைஞ்சா புகைஞ்சிட்டுப் போவுது, சாவாது. பிளக்கு அடைச்சா கழட்டித் தொடைச்சு மாட்டும். வெளங்குதா?"

"ஹவ்," என்றேன்.

"அத்தான், ஆமான்னு சொல்லும். தமிழ்ல சொல்லும். இந்த வாட்டி என்னால நக்க முடியாது."

நக்குவதற்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம், இவனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று வைத்துவிட்டேன்.

ஆயில் பாலச்சந்திரன் சாரின் பழைய ஸ்கூட்டருக்காக வாங்கி வைத்த டப்பாவில் இருந்தது. உன் அக்காளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் இறக்கிக்கொண்டு வந்து, நாற்காலியோடு போட்டில் வைத்தோம். ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு அவள் என்னைப் பார்த்து, "ஓட்டத் தெரியுமா... இல்ல... இதுவும் கமிட்டியா" என்றாள். அவ்வளவு மூச்சுத் திணறலிலும் அதைச் சொல்ல அவளுக்குக் காற்று இருந்தது. முன்பக்கம் பாலச்சந்திரன் சார் குடையும் விசிலுமாக உட்கார்ந்தார். மூன்றாவது இழுப்பில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. புகை என்றால் அப்படி ஒரு புகை மாப்ளே, பின்னால் சந்தே தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாடி ஜன்னலில் நின்றவர்கள் எல்லாம் கார்ப்பரேஷன்காரன் கொசு மருந்து அடிக்கத் தண்ணீரிலும் வந்துவிட்டான் என்று நினைத்து ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஒரு அம்மாள் மட்டும் சாத்தாமல், "பய்யா, இதர் பீ மாரோ, டெங்கு ஹை" என்று தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுகிறாள். இந்தப் பக்கமும் அடியுங்கள் என்று கேட்கிறாள். நம் சார் உடனே செயலாளர் ஆகிவிட்டார், "மண்டே, மண்டே" என்று பதில் சொல்லிக்கொண்டு வருகிறார்.

சிரிப்பு அதுவரைக்கும்தான். நாலா குறுக்கே ஓடுகிற இடத்துக்குப் பத்தடி இருக்கும்போது மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. போட் பக்கவாட்டில் திரும்பி நாலாவை நோக்கிச் சரிய ஆரம்பித்தது. எனக்கு எழுபத்தொன்பது வயசு, உன் அக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். சார் ஒரு வேலை செய்தார் பார், குடையை வீசிவிட்டு, கடந்துபோன மின்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். கால் போட்டில், கை கம்பத்தில், நடுவில் அவருடைய அறுபத்தெட்டு வயசு இடுப்பு. "சீக்கிரம் மிஸ்டர் ஃபெலிக்ஸ், நான் ரெண்டாப் போயிடுவேன்" என்கிறார். பிடித்தது மின்சாரம் நின்றுபோன கம்பம் என்பதால் தப்பித்தோம், அதை அவர் பிடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தோன்றியது. நான் பிளக்கைக் கழற்றினேன், கீல் பூசினதுபோலக் கறுப்பாய் இருந்தது. நீ சொன்னாயே, அடைக்கும் என்று. தேய்க்க ஒன்றும் இல்லை. "தீப்பெட்டி இருந்தா போதும்" என்று முனகினேன். சார் கம்பத்தை விடாமலே, "என் சட்டைப் பையில பாருங்கோ" என்றார். தீப்பெட்டியின் பக்கவாட்டில் நாலு தேய் தேய்த்து, உன் அக்காள் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டினேன். ஒரே இழுப்பு, மோட்டார் ஓட ஆரம்பித்தது. (சட்டைப் பையில் தீப்பெட்டி எதற்கு இருந்தது என்று அலமு அம்மா இந்த வரியை இரண்டு தரம் சொல்லச் சொல்லி எழுதினார். விளக்கேற்றத்தான் என்று நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.)

மெயின் ரோட்டு மேட்டில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது, அதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு மணி நேரம் டயாலிசிஸ். மூன்றாவது மணி நேரத்தில் அவளுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது, அது எப்படித் தெரிந்தது என்றால் நர்ஸ் ஏசியைக் கூட்டினதற்குச் சண்டை போட்டாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அவள் பார்க்கவில்லை. பிறகுதான் கேட்டேன், "உன் தம்பி நக்க முடியாதுங்கறானே, என்ன அது?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "அன்னைக்கு அவன் கழட்டவான்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீய?"

"வேண்டாம்னேன்."

"வேண்டாம்னா சொன்னீய? பட்டறையில பேசிப் பேசி உங்க வாயி அப்படி ஆயிட்டு. 'நக்கோ, கைக்கு கழட்டணும்'னீய."

இந்த ஊரில் நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம். குழந்தைக்கும் தெரியும். ஆனால் திரேஸ்புரத்தில்?

"அவன் நக்குனான்," என்றாள் உன் அக்காள். "ஆயில் நல்ல ஆயிலான்னு பாக்க மெக்கானிக்கு நக்கிப் பாக்கச் சொல்லுதாருன்னு நக்குனான். ரெண்டு நாளு வயித்தால போச்சு. அப்புறம் கையால கழட்டணும்னு சொன்னாரேன்னு, ஸ்பானரைத் தொடாம கையாலயே திருகிக் கழட்டுனான், மூணு விரல்ல தோல் உரிஞ்சிச்சு. ஆயில் கலக்காம ஓடுமான்னு கேட்டதுக்கு 'ஹவ், ஓடும்'னீயளாம். ஒன்பதாம் கிளாஸ் வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன் இல்லா. எப்படின்னு அவரே கேட்டு ஓடும்னு அவரே பதிலும் சொல்லுதாரு, அப்ப எப்படியும் ஓடும்னுதான் அர்த்தம்னு வெறும் பெட்ரோல ஊத்திட்டான்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்தக் கிறிஸ்துமஸ்லயே சொல்லிட்டான்."

"முப்பத்திரண்டு வருஷமா என்கிட்டே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

மாப்ளே, நீ என் பேச்சைக் கேட்கவில்லை என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரு எழுத்துவிடாமல் கேட்டு, நக்கியும் இருக்கிறாய். மன்னித்துக்கொள். பம்பு விஷயத்திலும் நீதான் சரி. கழற்றிப் போட்டுவிட்டுக் கையால் கலந்து ஊற்றுவதுதான் புத்திசாலித்தனம், கலந்து ஊற்றியதால்தான் உன் அக்காள் பிழைத்தாள், நான் அன்றைக்குப் பார்க்காத பொருளுக்குப் பதில் சொன்னது தப்பு. இதை நாளைச் சங்கக் கூட்டத்திலும் சொல்லப் போகிறேன். உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும், பனிமய மாதா எந்தக் காற்றிலும் கரை காட்டட்டும். வலை கனமாக வரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் ஃபெலிக்ஸ்
(பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் தீபக் வந்து மோட்டாரைத் திறந்து பார்த்தான். பம்பு ஒழுங்காக மாட்டித்தான் இருக்கிறது, பல்சக்கரம் முழுசாக இருக்கிறது, ஆயில் தொட்டியில் கால் பங்கு குறைந்திருக்கிறது. அதாவது அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நீ கலக்கச் சொன்ன ஆயில்தான் அதிகப்படி, பிளக்கை அடைத்ததும் அதுதான், எங்களை நாலா வாசலில் நிறுத்தினதும் அதுதான். கழற்றாதே என்று அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆகையால் மேலே "மன்னித்துக்கொள்" என்ற இடத்திலிருந்து "கூட்டத்திலும் சொல்லப் போகிறேன்" என்ற இடம் வரைக்கும் வாபஸ். அடித்து எழுதச் சொன்னேன், அலமு அம்மா நீட்டாக எழுதினதை அடிக்க மாட்டேன் என்கிறார். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். அதற்குப் போன் சரிப்படாது. ரயிலேறி வா, மோட்டாரை நடுவில் வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பேசுவோம், தமிழிலேயே பேசுகிறேன். உன் அக்காளும் வழி பார்க்கிறாள். மோட்டார் விஷயத்தில் என்னோடு சரிக்குச் சரி சண்டை போட்டவர்கள் மூன்று பேர். பட்டறை மேஸ்திரி யூசுப் பாய், பிளக் இடைவெளிக்காக என்னோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர், பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டோர் கீப்பர் ராமசுவாமி, கிரீஸ் நிறத்துக்காகச் சண்டை, சமாதானம் பேச நான் போன அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். மிச்சம் இருக்கிறவன் திரேஸ்புரம் கஸ்பார்.